ப்வாரோவின் தொப்பிப் பெட்டி

போன வாரம் அக்கா மகளோடு ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். சிட்னி லூமெட் 1974இல் எடுத்தது. துப்பறிவாளர் ப்வாரோவாக ஆல்பர்ட் ஃபின்னி. பனியில் சிக்கிய ரயிலில் சந்தேகத்துக்குரியவர்கள் ஷான் கானரி, லாரன் பக்கால், ஜான் கீல்குட், இங்க்ரிட் பெர்க்மன்... கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஒரே ஷாட்டில் ஓடும் விசாரணைக் காட்சியில் பெர்க்மன் அசத்துவார். இந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பொதுவாகச் சின்ன வேடத்தில் பெரிய நடிகர் வந்தால் ‘இவர்தான் ஆள்’ என்று இடைவேளைக்குள் சொல்லிவிடுவேன். இங்கே அந்தக் குறுக்குவழி செல்லாது, பெட்டி முழுக்கப் பெரிய நடிகர்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

படம் முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி கொலையாளியைப் பற்றியதே அல்ல. “மாமா, எரிஞ்ச காகிதத்துல எழுத்து தெரியுதே, நிஜமா அப்படித் தெரியுமா?”

கதையில் ப்வாரோ, கருகிய காகிதத் துண்டு ஒன்றைக் கண்டெடுக்கிறார். பழைய தொப்பிப் பெட்டியிலிருந்து கம்பி வலையைப் பிரித்து, இரண்டு வலைகளுக்கு நடுவே துண்டை வைத்து, ஸ்பிரிட் அடுப்பின் மேல் காட்டுகிறார். சில நொடிகளுக்கு எழுத்துகள் ஒளிர்கின்றன. வழக்கே அதில்தான் திறக்கிறது.

காகிதம் என்பது செல்லுலோஸ். சூடேறும்போது நீராவியும் வாயுக்களும் வெளியேறி, கார்பன் கரியாக மிஞ்சும். பள்ளியில் படித்ததுதான். மையின் கதை வேறு. இந்தக் கதை நாவலாக வந்த 1934இல் ஐரோப்பாவில் இரும்பு மை நன்றாகவே புழக்கத்தில் இருந்தது. குளவி முட்டையிடுவதால் ஓக் மரத்தில் புடைக்கும் காயின் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு, அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்வது. நம் ஊரில் ஓக் காயின் வேலையைக் கடுக்காய் பார்த்தது. தீயில் டானின் போய்விடும். இரும்பு எங்கே போகும்? ஆக்சைடாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் கருப்பின் மேல் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். வெள்ளைப் பீங்கான் தட்டில் கருப்புக் கோலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை உலையில் தகதகவென்று காய்ச்சி, இருட்டில் எடுத்துப் பார்த்தால் கோலம் தலைகீழாகியிருக்கும். கருப்புக் கோடுகள் பிரகாசமாக ஒளிரும், வெள்ளைப் பகுதி மங்கிக் கிடக்கும்! இத்தனைக்கும் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஒளியை நன்றாக விழுங்கும் பொருள்தான், சூடேறியதும் ஒளியை நன்றாக உமிழும். 1859இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் இதை விதியாகவே வகுத்தார். கருகிய தாளிலும் அப்படித்தான், குளிர்ந்திருக்கும்போது கரிக்கும் மைக்கும் இடையே கண்ணுக்குப் பிடிபடாத வேறுபாடுகூடக் காய்ச்சும்போது வெளிச்சத்துக்கு வந்துவிடலாம்.

இரும்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கரி ஆக்சிஜனோடு சேர்வதை அது வேகப்படுத்தும். எழுத்து இருந்த கோட்டில் கரி சற்று முந்திக் கனன்றால், அந்தக் கோடு தனியாகச் சிவக்கும். இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது மையையும் காகிதத்தையும் பொறுத்தது. எப்படியும் வித்தை சில நொடிகள்தான். கரி முழுக்க எரிந்துவிட்டால் வெளிறிய சாம்பலில் துருநிறக் கோடுகள்தான் மிஞ்சும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

அதனால் ஆய்வகத்தில் யாரும் ப்வாரோ போல அவசரப்பட மாட்டார்கள். ஒருமுறை எரித்த சாட்சியத்தை மறுபடி எரித்தால் போனது போனதுதான். அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துப் பார்ப்பார்கள். 1922இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ரேமண்ட் டேவிஸ் இன்னும் அழகான வழியைச் சொன்னார். கருகிய தாளைப் புகைப்படத் தகட்டோடு ஒட்டி இருட்டில் பல நாள் வைத்துவிட வேண்டும். கரித்தாள் தகட்டை மெல்லக் கருக்கும், மை இருந்த இடம் அதைத் தடுக்கும். ஒளியே இல்லாமல் ஒரு புகைப்படம்! நம் ஊரில் திருடனைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவருக்குத் தட்சணை கொடுக்கத் தயங்காதவர்கள், தடயவியல் ஆய்வகத்துக்குக் கருவி வாங்க வேண்டும் என்றால் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். மையைப் பார்ப்பதில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது, ஐயா.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோசைக்கல்லில் ஒரு தாளைக் கருக்கினோம். வீட்டில் இரும்பு மை ஏது? பென்சிலில்தான் எழுதியிருந்தாள். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் அவ்வளவு எளிதில் எரியாது. சாய்த்துப் பார்த்தால் கரியின் மேல் சாம்பல் நிறத்தில் அவள் பெயர் மினுங்கியது. இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தாள், மூச்சுக் காற்று பட்டது, தாள் தூள் தூளாகப் பறந்துவிட்டது.

“ஓ, அதுக்குத்தான் வலையா!” என்றாள்.