படுக்கையில் இருப்பவருக்கு மலம் ஏன் இறுகுகிறது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த முதியவர். நான்கு நாளாக மலம் போகவில்லை. ஐந்தாம் நாள் டயப்பரில் நீராக ஒழுகுகிறது. பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்தால் நிலைமை முற்றிவிடும். ஏனென்றால் அது பேதியே இல்லை. மலக்குடலில் இறுகிப்போன கட்டி வழியை அடைத்து நிற்கிறது. அதற்கு மேலே தேங்கிய நீர்த்த மலம் கட்டியின் ஓரமாகக் கசிந்து வருகிறது. பல நாள் போகாமலிருந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடக்க முடியாமல் ஒழுகினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கையுறை போட்ட விரலால் மலக்குடலைச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டி மேலே இருந்தால் எக்ஸ்ரே வேண்டியிருக்கும்.

கட்டி எப்படி உருவாகிறது? ஒரு நாளில் குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து சுமார் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. பெருங்குடலை எட்டுவது 1.5 முதல் 2 லிட்டர். மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மி.லி. மட்டுமே. பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு வறளும். ஆகவே தாமதமே நோய். எது தாமதப்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் செவிலியரின் திறமை இருக்கிறது.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மார்ஃபின், டிரமடால் போன்ற வலி மருந்துகள் குடல் சுவரில் உள்ள நரம்புகளின் மேலேயே வேலை செய்து, மலத்தை முன்னே தள்ளும் அசைவைக் குறைக்கின்றன. இவை தரும் குமட்டலும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் வெரபமில் ஆகியவையும் குடலை மந்தமாக்கும்.

அடுத்தது நேரம். வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தூண்டப்படுகிறது. காலை உணவுக்குப் பின் இது வலுவாக இருக்கும். இட்லி சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் நோயாளியை உட்கார வைக்க வேண்டும். பல வார்டுகளில் அந்த நேரத்தில்தான் படுக்கை விரிப்பு மாற்றுவதும் டாக்டர் ரவுண்ட்ஸும் நடக்கின்றன. உந்துதல் வரும்போது அடக்கினால் அது அடங்கிவிடும். திரும்பத் திரும்ப அடக்கினால் மலக்குடல் நிறைந்திருந்தாலும் உணர்வே வராமல் போகும். திரை இல்லாத வார்டில் கூச்சப்பட்டு அடக்குபவர்கள் ஏராளம். பெட்பான் (படுக்கையிலேயே மலம் கழிக்க வைக்கும் தட்டு) கேட்கச் சங்கடப்பட்டுத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. ஒரு திரையை இழுத்துவிடுவதும் சிகிச்சைதான்.

உட்காரும் விதமும் முக்கியம். மலக்குடலை ஒரு தசைப் பட்டை முன்பக்கமாக இழுத்து, ஏறக்குறைய செங்கோணமாக வளைத்து வைத்திருக்கிறது. குந்தும்போது அந்த வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. மல்லாந்து படுத்துப் பெட்பானில் போகச் சொல்வது வளைந்த வழியில், புவியீர்ப்பின் உதவியும் இல்லாமல் முக்கச் சொல்வது. எழுந்து உட்காரக்கூடியவருக்குக் கமோடு நாற்காலியே நல்லது. காலடியில் சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, உடல் முன்னே சாய வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு மட்டும் இந்த அளவு மடக்குவது கூடாது. அறுவை மருத்துவர் சொன்ன வரம்புதான். பெட்பான் தவிர்க்க முடியாதென்றால் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். இதய நோயாளி மூச்சைப் பிடித்து முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று மாறி மயக்கம் வரலாம்.

நார்ச்சத்து பற்றி ஓர் எச்சரிக்கை. நடமாடுபவருக்குக் கீரையும் வாழைத்தண்டும் கொய்யாவும் நன்மை தரும். தண்ணீர் சரியாகக் குடிக்காத, அசைவில்லாத நோயாளிக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியைக் கொடுத்தால் அது ஊறிப் பருத்து அங்கேயே அடைத்துக்கொள்ளும். முழு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கும் விழுங்கச் சிரமப்படுபவருக்கும் அது வேண்டாம். இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்படாதவர்கள் நாளொன்றுக்கு 1.5 முதல் 2 லிட்டர் திரவம் குடிக்கலாம்.

மலமிளக்கி மருந்துகளில் லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். இன்று கொடுத்து இன்றே வரவில்லையென்று அளவைக் கூட்டக் கூடாது. பிசகோடில் மாத்திரை 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்வதால் இரவில் கொடுத்தால் காலைக்குச் சரியாக இருக்கும். அதைப் பொடிக்கக் கூடாது, பாலோடும் கூடாது. மேற்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். ஆசனவாயில் வைக்கும் மாத்திரை மலக்குடல் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். மலக்கட்டிக்குள் சொருகினால் வீண்.

எனிமாவுக்கு, அதாவது ஆசனவாய் வழியே குழாயால் நீர் செலுத்த, நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். பெருங்குடலின் கடைசி வளைவு இடப்பக்கம் இருப்பதால் நீர் தானே இறங்கும். குழாயில் ஜெல்லி தடவி, பெரியவர்களுக்கு 7 முதல் 10 செ.மீ. வரை தொப்புள் திசையில் மெல்ல நுழைக்கலாம். தடங்கினால் அழுத்தக் கூடாது. நீர் நிரப்பிய கேன் நோயாளியின் ஆசனவாய் மட்டத்திலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நோயாளிக்கு வயிறு பிசைந்து வலித்தால் குழாயின் கிளாம்பை மூடிக் கொஞ்சம் பொறுக்கவும். வெறும் தண்ணீர் எனிமாவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடலில் சோடியம் குறையும். பாஸ்பேட் எனிமா சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து.

விரலால் கட்டியை எடுக்க வேண்டி வந்தால் மருத்துவரின் உத்தரவோடு, நாடியைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். நாடி குறைந்தால் உடனே நிறுத்த வேண்டும். முதுகுத்தண்டு மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு மலக்குடல் நிறைந்தாலே இரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை தோன்றினால் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து மருத்துவரை அழையுங்கள். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுகூடப் பிரியாமல் இருப்பவருக்கோ மலமிளக்கியும் எனிமாவும் கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம். அங்கே தேவை அறுவை மருத்துவர்.