எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் கல்லீரலுக்கு நல்லதா?

மஞ்சள் பூத்த கண், ரத்தப் பரிசோதனையில் ஆயிரத்தைத் தாண்டிய எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதி), கூடவே ‘கல்லீரலைக் கழுவி எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ கேப்சூல் டப்பா. மூன்றும் சேர்ந்தே வருவது வாடிக்கையாகிவிட்டது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் முதல் பதில் ‘ஒன்றுமில்லை’. டப்பா கடைசியில்தான் பையிலிருந்து வெளியே வரும்.

கழுவுவதற்கு அங்கே எதுவும் தேங்கி நிற்பதில்லை. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. பாக்டீரியாத் துணுக்குகளும் அதோடு வரும். நுண்குழாய்களின் உட்சுவரை ஒட்டிக் காத்திருக்கும் கூஃபர் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் அவற்றைப் பிடித்து விழுங்கிச் செரித்துவிடும்.

‘கூட்டுவது’ என்கிறார்களே, அதுதான் எரிச்சல். குடல் அனுப்பும் உணவுத் துகள் ஒவ்வொன்றோடும் சண்டைக்குப் போனால் கல்லீரல் மிஞ்சாது. அதனால் இங்கே எதிர்ப்பு அமைப்புக்குப் பாதி வேலை பொறுத்துப் போவதுதான். அந்தப் பொறுமை குலைந்தால், எதிர்ப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்; அதற்கு மருந்தே எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. ஹெபடைடிஸ் பி-யிலும் கல்லீரல் செல்லைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, வைரஸ் புகுந்த செல்லைத் தாக்கும் நம்முடைய எதிர்ப்பு அமைப்பின் டி செல்கள். இதில் எதைக் கூட்டப் போகிறீர்கள்? செறிவூட்டிய கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு, அஸ்வகந்தா மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்தது பதிவாகியிருக்கிறது. ‘மூலிகைதானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எதிர்ப்பு நிஜமாகவே குறைவது சிரோசிஸில். தழும்பேறிய கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போய்விடுகிறது, கிருமியைப் பிடிக்க ஆளில்லை. கிருமியை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களின் உற்பத்தியும் சரிகிறது. வயிற்றில் நீர் கோத்தவருக்கு அந்த நீரிலேயே தொற்று வரும், பல நேரம் காய்ச்சலே இல்லாமல். லேசான மனக் குழப்பம், வயிற்று வலி, சிறுநீர் குறைவு என்றால் அன்றே மருத்துவமனை. ஊசியில் எடுத்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் 250-ஐத் தொட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கூடியிருக்கிறது என்று நீர் எடுக்கத் தயங்கும் இளம் மருத்துவர்களே, அது காரணமாகாது.)

டப்பாவை இன்றே நிறுத்துங்கள். தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள், சேர்மானம் பார்க்க வேண்டும். பெரியவர்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடலாம்: வழக்கமாக 0, 1, 6-ஆம் மாதங்களில். கீமோ, ரிட்டக்சிமாப் (எதிர்ப்பு அமைப்பின் பி செல்களை ஒழிக்கும் மருந்து), நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்குமுன், இப்போது ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை மட்டும் போதாது, முன்பு தொற்று வந்துபோயிருந்தாலும் காட்டும் ஆன்டி-எச்பிசியும் பாருங்கள். பழைய தொற்றின் வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கியிருக்கும், எதிர்ப்பை அடக்கியதும் கிளம்பும். ஹெபடைடிஸ் பி-க்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தயவுசெய்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.