இரைச்சலை எண்ணியவர்

நல்ல பாம்பு கடித்தவருக்குக் கண் இமை தொங்கிப்போவது ஏன், விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுகிறார்களே, அது எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமான பதில் இது: நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல விடும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின்; தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை விஷம் அடைத்துக்கொள்வதால் இமைத் தசைக்குச் செய்தி எட்டுவதில்லை. நியோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. அதனால் அடைபடாமல் மிஞ்சிய ஏற்பிகளுக்கு அந்தப் பொருள் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஆனால் நரம்பு முனை அசிட்டைல்கோலினை எப்படி, எந்த அளவில் வெளியிடுகிறது? அதைக் கண்டுபிடித்த விதம் விஷக்கதையைவிடச் சுவையானது. அது நரம்பு ஆய்வாளர் பெர்னார்ட் காட்ஸின் வேலை.

காட்ஸ் 1911இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். 1934இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். மறு ஆண்டே நாஜி ஜெர்மனியை விட்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஏ.வி. ஹில்லிடம் போய்ச் சேர்ந்தார். 1939இல் சிட்னி, அங்கே எக்கிள்ஸ், குஃப்ளருடன் ஆய்வு, போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் அதிகாரி, 1946இல் மீண்டும் லண்டன். நரம்புத் துடிப்புக்கு சோடியம் அயனிதான் அடிப்படை என்று காட்டிய 1949ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹாட்ஜ்கினோடு இவர் பெயரும் இருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தாலே பெரிய பெயர்தான்.

அவர் நிறுத்தவில்லை. பால் ஃபாட்டுடன் சேர்ந்து தவளையின் கால் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, நரம்பு வந்து தொடும் இடத்தில் தசை நாருக்குள் ஒரு கண்ணாடி நுண்குழாயைச் செருகினார். குழாயின் நுனி அரை மைக்ரான்கூட இல்லை. உள்ளே 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. சரியாக நுழைந்தால் மின்னழுத்தம் ஒரேயடியாக மைனஸ் 90 மில்லிவோல்ட் அருகே இறங்கும். நுனி உடைந்திருந்தால் சவ்வு கிழிந்து கசியும், அழுத்தம் ஏறிக்கொண்டே வரும். அந்த நாரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். நுனி மெல்லியதாக இருப்பதால் மின்தடையோ பல மெகா ஓம். ஆம்ப்ளிஃபையரின் முதல் கட்டத்தைத் தசைக்கு மிக அருகில் வைக்காவிட்டால் வேகமான குறிகை மழுங்கிவிடும்.

நரம்பைத் தூண்டவே இல்லை. ஆனாலும் திரையில் அரை மில்லிவோல்ட் உயரத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள், சராசரியாக நொடிக்கு ஒன்றளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்துகொண்டிருந்தன. கருவிக் கோளாறு, வெறும் இரைச்சல் என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் ஒவ்வொரு சந்தேகமாகச் சோதித்தார்கள். அதே நாரில் சில மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினால் புடைப்பு இல்லை. ஏற்பியை அடைக்கும் குராரே சேர்த்தால் சிறுத்தது. பிராஸ்டிக்மின் சேர்த்தால் பெருத்தது (நம் நியோஸ்டிக்மினின் வணிகப் பெயர்தான் அது). ஆக, ஓய்வில் இருக்கும் நரம்பு முனையே அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தக் 'கொஞ்சம்' ஒற்றை மூலக்கூறும் அல்ல. கரைசலில் அசிட்டைல்கோலினைச் சிறிது கலந்தபோது அழுத்தம் வழவழப்பாக மாறியதே தவிர, புடைப்பு புடைப்பாக ஏறவில்லை. ஒவ்வொரு புடைப்பிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே துணுக்காகச் சேர்ந்து வந்தாக வேண்டும். 1950இல் ஒரு சிறு குறிப்பாகவும் 1952இல் முழுக் கட்டுரையாகவும் இது வெளிவந்தது.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த படி. ஹோசே டெல் காஸ்டிலோவும் காட்ஸும் 1954இல் கேட்டது இதுதான்: நரம்பு உண்மையாகவே துடிக்கும்போது வரும் பெரிய குறிகை, இதே துணுக்குகள் ஒன்றாகக் கொட்டுவதால் வருவதா? சாதாரணக் கரைசலில் இதை எண்ண வழியில்லை. ஒரு துடிப்புக்கு நூற்றுக்கு மேல் துணுக்குகள் வருகின்றன, தசை சுருங்கிக் கண்ணாடி நுனியை முறித்துவிடும். குராரே போட்டால் சுருக்கம் நிற்கும், ஆனால் துணுக்கும் சிறுத்துக் கருவி இரைச்சலுக்குள் மறைந்துபோகும். அவர்கள் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டினார்கள். துணுக்கின் அளவு அப்படியே இருக்க, எண்ணிக்கை மட்டும் விழுந்தது. இப்போது ஒரு துடிப்புக்கு அரை மில்லிவோல்ட், அடுத்ததற்கு ஒன்று, சிலவற்றுக்கு ஒன்றரை, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. நரம்பு அள்ளித் தெளிப்பதில்லை. நெல் அளப்பவரைப் போல முழுப்படி முழுப்படியாகத்தான் போடுகிறது.

பார்வைக்கு அப்படித் தெரிந்தால் போதாதே. ஒவ்வொரு துணுக்கும் தன்னிச்சையாக, மிகச் சிறிய வாய்ப்போடு வெளியேறுகிறது என்றால் எண்ணிக்கை, அரிய நிகழ்வுகளுக்கான புள்ளியியல் விதியான பாய்சான் பரவலைப் பின்பற்ற வேண்டும். சராசரித் துணுக்கு எண்ணிக்கையைக் கணக்கிட ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் உண்டு. சராசரிக் குறிகையைத் துணுக்கின் அளவால் வகுக்கலாம்; அல்லது அளவைப் பார்க்காமலே, எத்தனை தூண்டல்கள் வெறுமையாகப் போயின என்று மட்டும் எண்ணி, மொத்தத்தை அதால் வகுத்து இயல் மடக்கை (natural log) எடுக்கலாம். இரண்டும் ஒத்துப்போயின. அதே துறையில் பாய்டும் மார்ட்டினும் 1956இல் பூனைத் தசையில் செய்த கணக்கு பாடநூல்களில் நிலைத்துவிட்டது. தூண்டல் 198, சராசரிக் குறிகை 0.933 மில்லிவோல்ட், துணுக்கு 0.4. வகுத்தால் 2.33. அந்தச் சராசரிக்கு வெறுமையாகப் போக வேண்டியவை 19, போனவை 18. தோல்விகளை எண்ணியே ஒரு பொறிமுறையைப் பிடித்துவிட்ட இந்தக் கணக்குக்கு ஈடாக உயிரியலில் அதிகம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பெரிய குறிகைகளில் வெறுமனே வகுத்தால் விடை குறைவாக வரும். அழுத்தம் ஏற ஏற அயனிகளை உந்தும் விசை குறைவதால், நூறாவது துணுக்கு முதல் துணுக்கின் அளவுக்கு உயர்த்தாது. திருத்தம் போட்டுத்தான் எண்ண வேண்டும்.

நரம்பு முனைக்குள் சுமார் 50 நானோமீட்டர் அகல நுண்பைகள் நெருக்கியடித்துக் கிடப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியதும் அந்த ஆண்டுகளில்தான். ஒரு பை, ஒரு துணுக்கு. பிறகு ரிகார்டோ மிலேடியுடன் செய்த சோதனைகளில், நரம்பு முனை தூண்டப்படும் கணத்துக்குச் சற்று முன் கால்சியம் வெளியே இருந்தால்தான் பை உடையும், பிந்தி வந்தால் பயனில்லை என்று தெரிந்தது.

பாம்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நல்ல பாம்பின் நச்சு குராரேயைப் போன்றது: துணுக்குகளின் எண்ணிக்கை குறையாது, விளைவுதான் சிறுக்கும். ஆகவே நியோஸ்டிக்மின் கைகொடுக்கிறது. கட்டுவிரியன் நச்சு நரம்பு முனையையே தாக்கித் துணுக்குகளை நிறுத்திவிடுகிறது. வெளியே வராத அசிட்டைல்கோலினை எந்த நொதித் தடுப்பானாலும் காப்பாற்ற முடியாது. நச்சு முனைக்குள் புகுந்தபின் விஷமுறிவு மருந்தும் அதைத் திரும்ப எடுக்காது. நரம்பு முனை தேறும்வரை செயற்கைச் சுவாசம்தான். அதனால்தான் மந்திரிப்பவரிடமும் விஷக்கல்லிடமும் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் கொலைக்குச் சமம் என்கிறேன். விஷம் உடலுக்குள் போகாத கடிகளும் உண்டு. அப்படிக் கடிபட்டுப் பிழைத்தவர்களை மந்திரத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

தவளைக் காலில் அரை மில்லிவோல்ட் புடைப்பு என்று இன்று நிதிக்கு விண்ணப்பித்தால், 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அதை எழுதத் தெரியாதவருக்குப் பணம் இல்லை என்கிற முறை எனக்கு உடன்பாடில்லை.

1970இல் காட்ஸுக்கு நோபல் பரிசு, ஆக்செல்ராட், ஃபான் ஆய்லருடன் பகிர்ந்து. அதே ஆண்டு அவரும் மிலேடியும் இன்னொரு இரைச்சலைப் பிடித்தார்கள். தசைமேல் அசிட்டைல்கோலினைச் சீராகச் செலுத்தினால் அழுத்தக் கோடு உயர்வதோடு தடிக்கவும் செய்தது. அந்தத் தடிப்பின் ஏற்ற இறக்கத்தைச் சராசரி உயர்வோடு ஒப்பிட்டு, ஒரே ஓர் அயனி வாயில் (ஏற்பியில் அயனிகள் நுழையும் துளை) திறப்பதன் பங்கு சுமார் 0.3 மைக்ரோவோல்ட் என்று மதிப்பிட்டார்கள். ஒரு துணுக்குக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வாயில்கள் என்று கணக்கு வந்தது. ஒற்றை வாயிலை யாரும் பார்த்திராத காலம் அது. நேஹரும் சாக்மானும் தவளைத் தசையிலேயே அதை நேரடியாகப் பதிவு செய்தது 1976இல்.