எலுமிச்சம்புல்: தண்டா, தாளா, தூரா?

நாகர்கோவிலில் காய்கறியைப் பொட்டலம் போட்டு விற்கும் பெரிய கடைகளில் இப்போது எலுமிச்சம்புல் கிடைக்கிறது. நான்கைந்து புல்தாள்களை நறுக்கி, ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருப்பார்கள். மேலே ஒட்டிய சீட்டில் 'எலுமிச்சைத் தண்டு' என்று இருக்கும். சமையல் குறிப்புகளிலும் இதே சொல்தான். வீட்டில் வளர்க்கும் முறை சொல்கிறவர்களும் 'தண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள்' என்றே எழுதுகிறார்கள். இந்தச் சொல்லைப் பொறுத்துக்கொள்ள இனி முடியாது என்பதால் எழுதுகிறேன். எலுமிச்சை ஒரு மரம். அதற்குத் தண்டு இல்லை. இந்தப் புல்லிலும், நாம் வாங்கிவரும் பருவத்தில், தண்டு என்று கையில் பிடிக்கத்தக்கது எதுவும் இல்லை.

முதலில் பெயர். எலுமிச்சம்புல் என்பது 'லெமன்கிராஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. மணத்தால் வந்த பெயர். மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்னும் பொருள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் சிட்ரால் சில விழுக்காடுதான். இந்தப் புல்லின் எண்ணெயிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவே. தாவரவியலார் வைத்த பெயர் சிம்போபோகன் சிட்ரேட்டஸ். முதற்பகுதி படகு, தாடி என்னும் பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. எலுமிச்சம்பழம், எலுமிச்சங்காய் என்று நாக்குப் பழகிய தடத்திலேயே எலுமிச்சம்புல்லும் வருகிறது. எலுமிச்சைப்புல் என்றாலும் சரிதான். ஒற்றும் இல்லாமல் இடைவெளியும் விட்டு 'எலுமிச்சை புல்' என்று எழுதுவதுதான் பிழை.

குமரி மாவட்டத்தார் சிலர் இஞ்சிப்புல் என்றும் தெருவப்புல் என்றும் சொல்வார்கள். மலையாளத்தோடு நமக்குள்ள உறவு அப்படி. 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கத்து ஆட்சியில்தானே இருந்தோம். புல்தைலம் என்ற சொல்லும் அதே வழியில் வந்தது. ஆனால் அந்தத் தைலம் காய்ச்சும் மலையாளக் கரைப் புல் பெரும்பாலும் வேறு இனம், சிம்போபோகன் ஃப்ளெக்ஸுவோசஸ். அது பூக்கும், விதைக்கும். அடி பருத்த சமையல் புல்லோ பூப்பதே அரிது. ஆகவே ஒன்றின் பெயரை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்ட வேண்டாம். சுக்குநாறிப்புல் என்ற பழம்பெயரும் எனக்குப் பிடித்ததுதான். நாறுதல் என்றால் மணத்தல் என்றிருந்த காலத்துச் சொல். இன்று அதை யாரும் சமையலறையில் சொல்லப்போவதில்லை. எலுமிச்சம்புல் தெளிவான சொல், அது நிற்கட்டும். என் வழக்கு அந்தத் 'தண்டோடு' மட்டும்.

தமிழில் செடியின் அடிப்பகுதிக்கு ஒரே சொல் இல்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூடப் படிக்கிறார்கள். தேவநேயப் பாவாணர் வகுத்துத் தந்த வரிசை அது. நெல், கேழ்வரகு முதலியவற்றின் அடி தாள், கீரை, வாழை முதலியவற்றின் அடி தண்டு, கம்பு, சோளம் முதலியவற்றுக்குத் தட்டு அல்லது தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, குத்துச்செடி, புதருக்குத் தூறு. இவ்வளவு கையில் இருக்கும்போது மொழிபெயர்ப்பவருக்கு 'ஸ்டெம்' என்று கண்டதும் தண்டு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. நெல்லின் குடும்பத்துப் புல்லுக்கு நெல்லின் சொல்லைத் தரத் தோன்றவில்லை.

'வாழை அடியும் மட்டைகள் சுற்றியதுதானே, அதைத் தண்டு என்கிறோமே' என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வாழையில் வெளியே சுற்றியிருப்பதை நாம் மட்டை என்கிறோம், பட்டை என்கிறோம். அதிலிருந்து நார் எடுக்கிறோம். எல்லாவற்றையும் உரித்த பிறகு நடுவில் வெள்ளையாக நிற்பதைத்தான் வாழைத்தண்டு என்று கறி வைக்கிறோம். அதுவே குலையைத் தாங்கிக்கொண்டு ஊடே ஏறுகிற உண்மையான தண்டு. எவ்வளவு துல்லியமாகப் பெயரிட்டிருக்கிறார்கள் பாருங்கள். எலுமிச்சம்புல்லை அதேபோல் உரித்துப் பார்த்தால் நடுவில் தண்டு வராது. இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போய், கடைசியில் ஒரு குருத்து நிற்கும். உண்மையான தண்டு அடியில் கட்டையாகச் சுருங்கிக் கிடக்கிறது. வேர் வருவது அதிலிருந்துதான்.

சுற்றியிருக்கும் அந்த இலையடிக்கும் நம்மிடம் பெயர் உண்டு: தோடு. தொல்காப்பிய மரபியல் 'புறக் காழனவே புல்லென மொழிப' என்று தொடங்கி, புல்லுக்குரிய உறுப்புப் பெயர்களைச் சொல்லும்போது முதலில் சொல்வதே தோடு. பிறகு மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை. வெளியே வன்மையும் உள்ளே மென்மையும் என்பது புல்லின் இலக்கணம். எலுமிச்சம்புல்லை நறுக்கிச் சமைத்த எவருக்கும் அது தெரியும்: முற்றிய தோட்டை உரித்தெறிந்துவிட்டு உள்ளிருக்கும் இளம்பகுதியைத்தான் நறுக்குகிறோம்.

இது வெறும் சொற்சண்டை என்று யாரும் ஒதுக்க வேண்டாம், ஏனென்றால் இந்தத் தவறான சொல் செடியைக் கொல்கிறது. தக்கலையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கட்டொன்று வாங்கி, பருத்த அடிப்பகுதியை எல்லாம் சமையலுக்கு நறுக்கிக்கொண்டு, மேல்பாதியைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தார். அழுகி நாற்றமெடுத்தது. "தண்டை வைத்தால் முளைக்கும் என்றுதானே எழுதியிருக்கிறார்கள் தம்பி" என்றார். அவர் எண்ணியது முழுக்க நியாயம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மரச்சீனி, அதாவது மரவள்ளி, போடாத வீடு ஏது? மரச்சீனிக் கம்பை எந்த இடத்தில் துண்டாக்கினாலும் கணு இருந்தால் முளைக்கும். முருங்கையும் அப்படித்தான். தண்டு என்று படித்தவர் அதே கணக்கைப் போட்டார். அந்தக் குறிப்பில் 'தூரோடு கூடிய தாள்' என்று இருந்திருந்தால், உழவு தெரிந்த அந்தப் பெண்மணி தூரை வெட்டியிருக்கவே மாட்டார்.

தூர் என்பது அடி. கிணற்றுத் தூர், மரத்தூர் எல்லாம் அந்தப் பொருளில் நிற்பவை. நெற்பயிர் தூர் கட்டியது, தூர் வெடித்தது என்று சொல்லாத வயற்காட்டுக்காரர் இல்லை. ஒரு தாள் பலவாகப் பெருகுவதுதான் தூர் கட்டுவது. எலுமிச்சம்புல் செய்வதும் அதுவே. நம் மாவட்டத்தில் இதைவிட அழகான சொல்லொன்று நாவில் புழங்குகிறது: மூடு. பிற மாவட்டத்தார் மூடு என்றால் கதவை மூடுவதை மட்டும் நினைப்பார்கள். இங்கே தென்னை மூட்டில் உரம் போடுகிறோம், பத்து மூடு வாழை வைக்கிறோம், ஒரு மூடு மரச்சீனி பிடுங்குகிறோம். அடியையும் குறிக்கிறது, செடியை எண்ணும் அலகாகவும் நிற்கிறது. எலுமிச்சம்புல்லை 'ஒரு மூடு' என்று எண்ணுவதைப் போல் பொருத்தமானது வேறில்லை. பொதுவழக்கில் தூர், எங்களுக்குள் மூடு.

சரியான சொற்களோடு சொன்னால் வளர்ப்பு முறையே எளிதாகிவிடுகிறது. வாங்கும்போது தூர் நறுக்கப்படாத, அடியில் வேர்ப்புள்ளிகளோ காய்ந்த வேர்முனைகளோ தெரிகிற, கெட்டியான தாளாகப் பார்த்து எடுக்க வேண்டும். காய்ந்த வெளித்தோட்டை உரித்துவிட்டு, மேலே ஒரு சாண் விட்டு ஓலையை நறுக்க வேண்டும். தூர் இரண்டு விரற்கடை மூழ்கும்படி தண்ணீரில் நிறுத்தி, வெளிச்சம் படும் சன்னலருகே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் தண்ணீர் தேங்காத மண்ணில், தூர் மட்டும் புதையும்படி நட்டு, நல்ல வெயிலில் வைத்துவிடலாம். நமக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை உண்டு. முதல் மழையில் நட்டால் இரண்டாவது மழைக்குள் தூர் கட்டிவிடும். ஓலை விளிம்பு கையை அறுக்கும் என்பதால் பாதையோரம் வைக்கக் கூடாது. ஆண்டுக்கொருமுறை மூட்டைக் கிளப்பி, வேரோடு தாள் தாளாகப் பிரித்து நடலாம். இந்தப் பத்தியில் தண்டு என்ற சொல் எங்கும் தேவைப்படவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. பூண்டுப் பல்லை 'பூண்டுக் கிராம்பு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். இஞ்சி என்று சொன்னாலே போதும், அதை 'இஞ்சி வேர்' ஆக்குகிறார்கள். இஞ்சி வேரும் அன்று. இணுக்குக் கறிவேப்பிலை 'கறிவேப்பிலைக் கிளை' ஆகிவிட்டது. இவர்கள் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ சமைக்கும்போது காதில் விழுந்த சொற்கள் எங்கே போயின? ஆங்கிலத்தார் நம்மிடமிருந்து வெட்டிவேரை வாங்கியபோது, செடியின் எந்தப் பகுதி என்று சொல்லும் வேரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். நாம் அவர்களிடமிருந்து ஒரு புல்லின் பெயரை வாங்கும்போது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற உறுப்புப் பெயரைத் தொலைத்துவிட்டு வாங்குகிறோம்.

கடைக்காரர்களுக்கு நான் கேட்பது இரண்டு சீட்டுகள். அடியை நறுக்கிவிட்டு விற்றால் 'எலுமிச்சம்புல் தாள்' என்று போடுங்கள், அது குழம்புக்கு. அடி நறுக்காமல் விற்றால் 'எலுமிச்சம்புல், தூரோடு' என்று போடுங்கள். வளர்க்க நினைப்பவர் அதை எடுத்துக்கொள்வார்.