76ஆவது ஊழியர்: வளரும் அலுவலகத்தின் சர்வர் எப்படி இடம் மாறுகிறது

சிறு தொழில் நிறுவனங்களுக்கென்றே மைக்ரோசாப்ட் விற்றுவந்த ‘ஸ்மால் பிசினஸ் சர்வர்’ தொகுப்பில் கறாரான ஓர் எல்லை இருந்தது: 75 பயனர்கள். 2003, 2008 பதிப்புகளிலும் 2011 ஸ்டாண்டர்ட் பதிப்பிலும் இதே எண்தான். அந்த எல்லைக்குள் அடங்கும் அலுவலகத்துக்கு அது அருமையான ஏற்பாடு. கோப்புச் சேமிப்பு, மின்னஞ்சல், உள்நுழைவுக் கட்டுப்பாடு, அச்சுப்பொறிப் பகிர்வு எல்லாம் ஒரே இயந்திரத்தில் அடங்கிவிடும். 76ஆவது ஊழியர் சேரும் நாளில் உரிமம் இடம் தராது. பெரிய அமைப்புக்கு மாறியே ஆக வேண்டும். 2011க்குப் பிறகு அந்தத் தொகுப்பில் புதிய பதிப்பு வரவில்லை; அதற்கான ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்துபோனது. ஆகவே வளர்ந்த நிறுவனம், வளராத நிறுவனம் இரண்டுமே இந்த இடமாற்றத்தைச் சந்திக்க வேண்டியதாயிற்று.

புதிய சர்வர் வாங்குவோம், பழைய கோப்புகளை நகலெடுப்போம், அதே பெயர்களில் பயனர் கணக்குகளை மறுபடி உருவாக்குவோம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இப்படிச் செய்த அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை ஊழியர்கள் உள்நுழைந்தால், மேசைத்திரை வெறுமையாக இருக்கும். நேற்றுவரை திறந்த கோப்புறை ‘அனுமதி இல்லை’ என்று சொல்லும். பெயர் சரி, கடவுச்சொல் சரி. பிறகு எது தவறு?

விண்டோஸ் யாரையும் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாதுகாப்பு அடையாள எண் உண்டு. அது S-1-5-21 என்று தொடங்கும். அலுவலகத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கும் தொகுப்புக்கு டொமைன் என்று பெயர். அடுத்து அந்த டொமைனுக்கே உரிய மூன்று நீண்ட எண்கள் வரும். கடைசியில் அந்தக் கணக்குக்கு மட்டுமே உரிய வரிசை எண் நிற்கும். ஒரு கோப்புறையை யார் திறக்கலாம் என்ற பட்டியலில் எழுதப்பட்டிருப்பது இந்த எண்தான். அந்தந்தக் கணினியில் ஊழியரின் மேசைத்திரையும் அமைப்புகளும் இதே எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. ரேஷன் அட்டையை ரத்து செய்துவிட்டு, அதே குடும்பத் தலைவர் பெயரில் புது அட்டை வாங்கினால் எண் மாறிவிடுவது போலத்தான் இது. கணக்கை அழித்து அதே பெயரில் உருவாக்கினால் விண்டோஸின் கண்ணுக்கு அவர் முன்பின் தெரியாத ஆள். பழைய அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், பெயர் இருந்த இடத்தில் உரிமையாளரை இழந்த அந்த நீண்ட எண் மட்டும் தெரியும்.

ஊழியர்களுக்கு மட்டுமல்ல, டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் இப்படி ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் உண்டு. அந்தக் கடவுச்சொல்லைக் கணினியே இயல்பாக 30 நாட்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது. டொமைனைப் புதிதாகத் தொடங்கினால், 75 மேசைகளுக்கும் ஒருவர் நேரில் போய் ஒவ்வொரு கணினியையும் பழையதிலிருந்து விலக்கிப் புதியதில் சேர்க்க வேண்டும். எவ்வளவு வீண் உழைப்பு!

எனவே, வேறு வழியே இல்லாத நிலையைத் தவிர, டொமைனைப் புதிதாகக் கட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இருக்கும் டொமைனுக்குள்ளேயே புதிய சர்வரை இன்னொரு டொமைன் கன்ட்ரோலராக, அதாவது கணக்குகளை வைத்திருந்து உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வராக, சேர்க்க வேண்டும். இந்தக் கணக்குகளையெல்லாம் பதிந்துவைக்கும் ஆக்டிவ் டைரக்டரி என்ற அடைவு 2000ஆம் ஆண்டு விண்டோஸிலிருந்தே இதற்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டது. ஒரு டொமைனில் பல கன்ட்ரோலர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் முழு அடைவின் பிரதி இருக்கும். எதில் மாற்றம் செய்தாலும் மற்றவற்றுக்குப் பரவும். புதிய சர்வர் சேர்ந்ததும் பயனர்கள், கணினிகள், குழுக்கள், கடவுச்சொற்கள் எல்லாம் அதே அடையாள எண்களோடு அதற்குள் வந்துவிடுகின்றன. ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இது நடந்து முடியும்.

ஆனால் ஐந்து பொறுப்புகளை மட்டும் ஒரு நேரத்தில் ஒரே கன்ட்ரோலர்தான் வகிக்க முடியும். அடைவின் இலக்கணத்தை மாற்றுவது, டொமைன்களைச் சேர்ப்பதும் நீக்குவதும், கடவுச்சொல் மாற்றங்களையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது, பிற டொமைன்களின் பெயர்க்குறிப்புகளைச் சரிபார்ப்பது ஆகியவை நான்கு. ஐந்தாவது, அடையாள எண்களின் கடைசிப் பகுதியைப் பங்கிடுவது. இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக இந்தப் பொறுப்பாளர் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் 500 எண்கள் கொண்ட தொகுதியை ஒதுக்கித் தருகிறார். கணக்கு உருவாக்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் தொகுதியிலிருந்தே எண் எடுப்பதால் மோதல் நிகழ்வதில்லை. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஸ்மால் பிசினஸ் சர்வரின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. ஐந்து பொறுப்புகளும் தன்னிடமே இருக்க வேண்டும் என்பது அதன் உரிம விதி. அவற்றைப் புதிய சர்வருக்கு மாற்றியவுடன் பழையது எச்சரிக்கைகளைப் பதிவு செய்யத் தொடங்கும். 2008, 2011 பதிப்புகளில் 21 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் சர்வர் தானாகவே அணைந்து போகும். ஆகவே பொறுப்பு மாற்றத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். கோப்புகளும் அஞ்சலும் முதலில் இடம் மாறட்டும்.

கோப்புகளின் கணக்கு எளிது. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும் என்று வைத்துக்கொண்டால், 2 டெராபைட் நகர ஏறத்தாழ 5 மணி நேரம். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் அது இரண்டு மூன்று மடங்காகவும் நீளலாம். ரோபோகாப்பி என்ற கருவி, அதற்குரிய தெரிவைக் கொடுத்தால், அனுமதிப் பட்டியல்களையும் சேர்த்தே நகலெடுக்கும். அதை ஒரு வாரம் முன்பே ஒருமுறை முழுமையாக ஓட்டிவிட வேண்டும். அதன்பின் ஒவ்வோர் இரவும் ஓட்டினால் மாறிய கோப்புகள் மட்டும் நகரும். மாற்றும் இரவில் மிஞ்சுவது அன்றைய மாற்றங்கள் மட்டுமே.

தரவைவிடப் பாதைதான் தொல்லை தரும். குறுக்குவழிகள், எக்செல் இணைப்புகள், கணக்கு மென்பொருளின் அமைப்புகள் எல்லாவற்றிலும் பழைய சர்வரின் பெயர் பதிந்து கிடக்கும். இந்த முறை எப்படியும் மாற்றத்தானே போகிறோம். சர்வர் பெயருக்குப் பதிலாக டொமைன் பெயரில் தொடங்கும் பாதையாக மாற்றிவிடுங்கள். விண்டோஸில் அதற்கான வசதி இருக்கிறது. அடுத்த முறை பின்னால் உள்ள இயந்திரம் மாறினாலும் ஊழியரின் பாதை மாறாது.

பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவை, நேரம் ஆகிய இரண்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினிகள் டிஎன்எஸ்ஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. அவை பழைய சர்வரிடமே கேட்டுக்கொண்டிருந்தால், அது அணைந்த நொடியில் அலுவலகம் முழுவதும் நின்றுவிடும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையோ கணினிக்கும் சர்வருக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் இயல்பாகவே மறுத்துவிடும்.

மின்னஞ்சலை நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஓர் இடைப்படி உண்டு. 2011 ஸ்டாண்டர்ட் பதிப்பில் இருப்பது மைக்ரோசாப்டின் அஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2010. அதிலிருந்து எக்ஸ்சேஞ்ச் 2016க்குப் போகலாம். 2019க்கு நேரடியாகத் தாவ முடியாது. எந்த வழியில் போனாலும், அஞ்சல் பெட்டிகள் நகர்ந்தபின் பழைய எக்ஸ்சேஞ்சை முறைப்படி நீக்க வேண்டும். வெறுமனே அணைத்துவிட்டால் அதன் தடயங்கள் அடைவில் தங்கிவிடும்.

2003இலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த டொமைன்களில் இன்னொரு பழைய கடன் இருக்கும். கன்ட்ரோலர்களுக்கிடையே கொள்கைக் கோப்புகளைப் பரப்ப அவை பழைய பிரதி முறையையே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் சர்வர் 2019 அதை ஏற்பதில்லை. டொமைன் எந்தத் தலைமுறை விண்டோஸ் சர்வரின் வசதிகளோடு இயங்குகிறது என்பதே அதன் செயல்நிலை. முதலில் அந்தச் செயல்நிலையை 2008க்கு உயர்த்தி, புதிய பிரதி முறைக்கு மாறிய பிறகே 2019 சர்வரைச் சேர்க்க முடியும்.

எல்லாம் முடிந்தபின் பழைய சர்வரை உடனே அழிக்க வேண்டாம். பொறுப்புகளையும் மாற்றியபின் சில நாள் அணைத்து மட்டும் வையுங்கள். ஐபி முகவரியை நேரடியாகப் பதித்துவைத்திருந்த ஸ்கேனர், இரவில் ஓடும் ஏதோ ஒரு பேக்கப், மாதம் ஒருமுறை மட்டும் திறக்கப்படும் சம்பளக் கோப்பு எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். மாதக் கடைசி அந்த நாட்களுக்குள் வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது. மறந்தும் மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. அடைவில் நீக்கப்பட்டவற்றின் பதிவு பல டொமைன்களில் 180 நாட்களும், மிகப் பழையவற்றில் 60 நாட்களும் மட்டுமே இருக்கும். அதற்கும் மேல் தூங்கிய கன்ட்ரோலர் விழித்தெழுந்தால், எப்போதோ நீக்கிய கணக்குகள் அதில் இன்னும் உயிரோடிருக்கும். எனவே உரிய காலத்துக்குள் அதை மீண்டும் இயக்கி, அடைவுகள் ஒத்துப்போகும்வரை பொறுத்திருந்து, கன்ட்ரோலர் பதவியிலிருந்து முறையாக இறக்கி, டொமைனிலிருந்து விலக்க வேண்டும். டொமைனின் செயல்நிலையைப் புதிய சர்வருக்கு ஏற்ப உயர்த்துவது அதற்குப் பின்தான்.