கேட்வே செத்தாலும் கணினிக்குத் தெரியாது

"ஓஎஸ்பிஎஃப் ஓடுகிற நெட்வொர்க்கில் விஆர்ஆர்பி எதற்கு? ஒரு வழி அடைபட்டால் ரவுட்டரே வேறு வழி பார்த்துக்கொள்ளாதா?" என்று நெட்வொர்க்கிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். விஆர்ஆர்பி என்பது பல ரவுட்டர்கள் ஒரே கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரியைப் பகிர்ந்துகொண்டு, ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும் ஏற்பாடு.

ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் மேசைக் கணினி ரவுட்டர் இல்லையே! ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி விசாரித்துக்கொள்ளும் பேச்சு. சாதாரணமாகக் கணினி அதில் கலந்துகொள்வதில்லை. அதற்குத் தெரிந்தது 192.168.1.1 மாதிரி ஒரே ஒரு கேட்வே முகவரி. வெளியே போகும் எதையும் அங்கே தள்ளிவிடும். அந்த ரவுட்டர் படுத்துவிட்டால், பக்கத்தில் இன்னொன்று சும்மா நின்றாலும் பயனில்லை.

சரி, அந்த ஐபியை இன்னொரு ரவுட்டருக்குக் கொடுத்தால் போதுமா? போதாது. ஒரே லேனுக்குள் (உள் நெட்வொர்க்குக்குள்) பாக்கெட் போய்ச் சேர்வது மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் முகவரியை வைத்து. "இந்த ஐபி யாருடையது, உன் மேக் என்ன?" என்று விசாரிக்கும் ஏஆர்பி மூலம் கணினி அதை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் செத்த ரவுட்டரின் மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். விஆர்ஆர்பி மேக்கையும் பொதுவாக்கிவிடுகிறது. முதல் ஐந்து பைட்டுகள் எங்கேயும் ஒன்றே, கடைசி பைட் அந்த கேட்வேயைப் பகிரும் ரவுட்டர் குழுவின் எண். தலைமை ரவுட்டர் நொடிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும். சத்தம் நின்றால், காத்திருக்கும் ரவுட்டர் அதே ஐபி, அதே மேக்கோடு தானாகவே ஓர் ஏஆர்பி செய்தியை வீசும். கருவிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் "ஓகோ, இந்த மேக் இப்போது அந்த போர்ட்டில்" என்று குறித்துக்கொள்ளும். கணினியின் நினைவில் ஓர் எழுத்துகூட மாறாது.

காத்திருப்பவர்கள் இரண்டு பேர் என்றால் சண்டை வராதா? மூன்று நொடியோடு, 256-இலிருந்து தன் முன்னுரிமை எண்ணைக் கழித்து 256-ஆல் வகுத்த நேரத்தையும் ஒவ்வொருவரும் காக்க வேண்டும். முன்னுரிமை 200 உள்ளவருக்குக் கூடுதலாக 0.22 நொடி, 100 உள்ளவருக்கு 0.61. பெரியவர் முந்திக்கொள்வார். தேர்தலே தேவையில்லை!

ஒருமுறை, நொடிக்கொரு முறை "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங் ஓடவிட்டுத் தலைமை ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். நான்கு பதில்கள் காணோம், ஐந்தாவது வந்துவிட்டது.

நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி நெறிமுறையும் இதே வேலைதான், மூன்று நொடிக்கொரு ஹலோ. அதன் காப்புரிமை விஆர்ஆர்பிக்கும் பொருந்தும் என்று சிஸ்கோ சொன்னதால், ஓபன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் கார்ப் என்று ஒரு மாற்று நெறிமுறையைத் தனியாக எழுதிக்கொண்டார்கள். ஊருக்கே பொதுவான நெறிமுறைக்குக் காப்புரிமை கேட்பது எனக்கு உறுத்துகிறது.

ஒன்று கவனியுங்கள்: ரவுட்டர் உயிரோடிருந்து வெளி லைன் மட்டும் அறுந்தால், டிராக்கிங் (வெளி லைனையும் கண்காணிக்கும் அமைப்பு) போட்டு வைக்காத விஆர்ஆர்பி "இருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அறுந்ததைக் கண்டு வேறு வழி தேடுவது ஓஎஸ்பிஎஃபின் பாடு.