'ஹார்ட்லி'க்குள் ஒளிந்திருக்கும் 'இல்லை'

வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஒர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதுபவர், கடுமையாக உழைத்ததாகச் சொல்ல நினைக்கிறார். படிப்பவர் நினைவுக்கு வருவதோ 'ஐ ஹார்ட்லி ஒர்க்ட்': அதாவது வேலையே பார்க்கவில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. கடுமையாக என்பதற்கு 'ஹார்ட்' மட்டுமே போதும். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக்காலமாக என்பதும் இதே வகைப் பொறிதான்.

'ஹார்ட்லி'க்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் பக்கத்தில் இன்னொரு 'நாட்' கூடாது. 'ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ' தவறு. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ' சரி. 'பேர்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டுக்கும் இதே விதி. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வரும்: 'ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த ஃபோன் ராங்'. இங்கே 'வென்'தான், 'தேன்' (than) வருவது 'நோ சூனர்' உடன்.

'ரொம்ப' என்று நினைத்து 'டூ' போடுவது அடுத்த சிக்கல். 'வெரி லாங்' என்றால் நீளம் அதிகம், அவ்வளவுதான். 'டூ லாங்' என்றால் தேவையான அளவைத் தாண்டிவிட்டது என்ற குறை. மேலதிகாரியின் அறிக்கையை எந்தச் சொல்லால் வர்ணிக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

'ஐ ஆம் ஹியர் ஒன்லி' நம் 'இங்கேதான் இருக்கிறேன்' என்பதன் நேரடி வார்ப்பு. 'தான்' அழுத்தம் தருவது, 'ஒன்லி' எல்லை போடுவது. அது நம் 'மட்டும்'. அதனால் இடம் மாறினால் பொருளும் மாறும். 'ஒன்லி ஐ கால்ட் த மேனேஜர்' என்றால் வேறு யாரும் அழைக்கவில்லை. 'ஐ கால்ட் ஒன்லி த மேனேஜர்' என்றால் வேறு யாரையும் அழைக்கவில்லை. 'ஐ ஒன்லி கால்ட் த மேனேஜர்' பேச்சில் குரலழுத்தத்தால் புரிந்துவிடும், எழுத்தில் 'மேனேஜரை மட்டும்' என்றும் 'அழைக்க மட்டும் செய்தேன்' என்றும் இரண்டுபடும். ஒப்பந்தம், புகார்க் கடிதம் போன்றவற்றில் எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதை ஒட்டியே 'ஒன்லி'யை வையுங்கள்.

'க்வைட் குட்' பிரிட்டிஷ்காரர் வாயில் பெரும்பாலும் 'பரவாயில்லை'. அமெரிக்கரிடம் 'நன்றாகவே இருக்கிறது'. ஆனால் 'க்வைட் இம்பாசிபிள்' இருவருக்குமே 'முற்றிலும் முடியாது'. 'மொமென்டரிலி'யும் நாட்டுக்கு நாடு மாறுவதுதான்: அமெரிக்காவில் 'சற்று நேரத்தில்' என்றும் பொருள்படும், பிரிட்டனில் 'ஒரு கணம் மட்டும்'.

நம் 'இன்னும்' ஒன்றே. ஆங்கிலத்தில் 'யெட்', 'ஸ்டில்' என இரண்டு. 'ஹி ஹேஸன்ட் ரிப்ளைட் யெட்' வெறும் தகவல். 'ஹி ஸ்டில் ஹேஸன்ட் ரிப்ளைட்' என்றால் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது. முதல் நினைவூட்டலுக்கு 'யெட்' போதும். மூன்றாவதில் 'ஸ்டில்' வந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.